ஊருக்குப் பொதுவான வெந்நீர்



ஜப்பான் எரிமலைகள் நிறைந்த தீவு நாடு. பூமிக்கடியில் சூடேறிய நீர் அங்குப் பல இடங்களில் ஊற்றாகப் பொங்கி வருகிறது. இத்தகைய வெந்நீர் ஊற்றை ஜப்பானியர் ‘ஒன்சென்’ என்பர். பழைய பாணியில் அமைந்த தங்கும் விடுதிக்கு ‘ரியோக்கான்’ என்று பெயர். இவ்விடுதிகளுள் பல, ஊற்றுகளை அண்டி எழுந்தவை.

தொக்குகாவா ஆட்சியில், அதாவது 1603 முதல் 1868 வரை, குடியானவர்கள் நினைத்த இடத்திற்குப் பயணம் போய்விட முடியாது. அனுமதிச் சீட்டு வேண்டும். கோயில் யாத்திரைக்கும் நோய் தீர வெந்நீரில் குளிப்பதற்கும் அனுமதி கிடைப்பதுண்டு. ஆகவே வயல் வேலை ஓய்ந்த காலத்தில் உழவர்கள் ஊற்றூர்களுக்குப் போனார்கள். அரிசியைக் கையோடு கொண்டுபோய், தாங்களே சமைத்து உண்டு, ஏழு நாளை ஒரு சுற்றாகக் கணக்கிட்டுத் தங்கினார்கள். உழைத்து நொந்த உடம்புக்கு அதுவே மருந்தாக இருந்தது.

இன்றும் அவ்விடுதிகளில் பழைய முறைகள் பல மாறவில்லை. வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட வேண்டும். அறையில் கோரைப்பாய் விரித்திருக்கும். கட்டில் கிடையாது, இரவில் மெத்தையைத் தரையில் விரிப்பார்கள். விருந்தினர் ‘யுகாத்தா’ என்னும் பருத்தி அங்கியை அணிந்துகொள்வர். குளியலுக்கும் ஒழுங்கு உண்டு. முதலில் சிறு முக்காலியில் அமர்ந்து, சோப்புப் போட்டு, உடம்பை நன்கு கழுவ வேண்டும். அதன் பிறகே தொட்டியில் இறங்கலாம். தொட்டி அழுக்குப் போக்கும் இடமன்று. அடுத்து வருபவருக்கும் அதே நீர்தான்.

இப்போது பல விடுதிகளில் குடும்பத்தார் மட்டும் குளிக்கும் தனிக் குளியலறைகள் உள்ளன. ஆனால் ஒரு விடுதி தனக்கென்று குளியலறை கட்டியதே ஒரு காலத்தில் பெரும் வழக்காகிவிட்டது. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

ஹியோகோ மாநிலத்தில் கினோசாக்கி என்ற சிற்றூர் இருக்கிறது. தோச்சி என்னும் துறவி ஆயிரம் நாள் வேண்டியதன் பயனாக 720ஆம் ஆண்டில் அங்கு ஊற்று பிறந்தது என்பது ஐதிகம். 1909இல் ரயில் பாதை அவ்வூரை எட்டியது. எழுத்தாளர் ஷிகா நவோயா, ரயிலில் அடிபட்ட காயம் ஆறுவதற்காக 1913இல் அங்குத் தங்கினார். அந்த அனுபவத்தைப் பின்னர்க் கதையாக எழுதினார்.

அவ்வூர் விடுதிகளில் அப்போது குளியலறை இல்லை. எந்த விடுதியில் தங்கினாலும் தெருவில் இறங்கி, ஊர்ப் பொதுக் குளியலகத்திற்கே போக வேண்டும். அப்படிப் போகும் வழியில்தான் சிறு கடைகளுக்கு வியாபாரம் நடந்தது.

1925 மே 23ஆம் நாள் நிலநடுக்கம் ஏற்பட்டது. தொடர்ந்து தீ பரவி ஊரைப் பெரும்பாலும் அழித்தது. ஊரார் ஒன்றுகூடி மீண்டும் கட்டினார்கள். அவ்வேளையில், 1927இல், ஒரு பெரிய விடுதியார் தம் வளாகத்துக்குள்ளேயே வெந்நீர்க் குளியலறை அமைத்தார். தம் நிலத்து நீர் தமக்கே உரியது என்பது அவர் வாதம். ஊரார் எதிர்த்தார்கள். ஒருவர் தனியாக எடுத்தால் மற்றவரும் எடுப்பர்; பொதுக் குளியலகம் வற்றிப்போகும்; விருந்தினர் வெளியே வராவிட்டால் சிறு விடுதியும் கடையும் என்னாவது என்று கேட்டார்கள். பொதுக் குழாயடியில் வரிசையில் நின்று நீர் பிடித்தவர்களுக்கு இந்த அச்சம் நன்றாகவே விளங்கும்.

வழக்கு நீதிமன்றம் ஏறி இழுபட்டது. இடையில் ஒரு போரும் வந்து போயிற்று. 23 ஆண்டுகளுக்குப் பிறகு, 1950இல் இரு தரப்பாரும் சமாதானம் ஆனார்கள். வெந்நீர் ஊருக்குப் பொதுவானது. அதனை ஊர் அமைப்பே நிர்வகிக்கும். விடுதிகள் உள்ளே குளியலறை வைக்கலாம், ஆனால் அளவோடு வைக்க வேண்டும் என்ற ஏற்பாடு நிலைபெற்றது.

ஆகவே இன்றும் கினோசாக்கியில் பொதுக் குளியலகங்களே பெரியவை. மாலை வேளையில் யுகாத்தா அணிந்த விருந்தினர், மரச் செருப்பு ஒலிக்க, ஆற்றோரத் தெருவில் ஒரு குளியலகத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்து செல்வர். ரயில் நிலையம் வாசல், தெரு நடைகூடம், விடுதிகள் அறைகள், ஊர் முழுவதும் ஒரே விடுதி என்று அவ்வூரார் சொல்லிக்கொள்வர்.

தனிக் குளியலறை வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. பொது நீரைக் காத்த பிறகே தனி வசதி என்று வரிசைப்படுத்திக்கொண்டார்கள். அந்த வரிசைதான் அவ்வூரை வாழவைத்தது.