ஜாலா தறி: காசியில் மூன்று பேர் சேர்ந்து வைத்திருந்த நினைவு

எங்கள் துறையில் ஜக்கார்டு கதை தெரியாதவர்கள் குறைவு. 1804-இல் லியோன் நகரத்து ஜோசஃப் மாரி ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் பூவேலை நெய்யும் தறியைக் கொண்டுவந்தார். அதைப் பார்த்துச் சார்ல்ஸ் பாபேஜுக்கு ஒரு யோசனை வந்தது. அங்கிருந்து ஹோலரித், ஐபிஎம், நம்ம லேப்டாப் என்று ஒரே கோடாக இழுத்துவிடுவார்கள். இன்ஜினியரிங் பாடப் புத்தகத்தில் இது அரைப் பக்கம் வரும். அந்த அரைப் பக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் இருக்காது. அட்டை வருவதற்கு முன்னால் அந்தத் தகவல் எங்கே இருந்தது? பூவும் கொடியும் மானும் மனிதரும் நெய்த பட்டுகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே சீனாவிலும் ஈரானிலும் இந்தியாவிலும் வந்துகொண்டுதானே இருந்தன?

நூலில் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், நூலிலும் அதைக் கட்டியவரின் தலையிலும் பாதிப் பாதியாக இருந்தது. காசியில் அந்த நூல் கட்டுக்கு நக்ஷா என்று பெயர். கட்டுகிறவர் நக்ஷாபந்த். அது ஓடும் தறி, ஜாலா தறி.

முதலில் அது எப்படி வேலை செய்யும் என்று பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் பின்னால் வருவது எதுவும் பிடிபடாது. நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. குறுக்கே நாடா கொண்டுபோவது ஊடை. ஒவ்வொரு முறை நாடா போகும்போதும் சில பாவு இழைகள் மேலே தூக்கியிருக்கும், சில கீழே கிடக்கும். எது மேலே, எது கீழே என்பதுதான் டிசைன். கட்டம் போட்ட துணிக்கு நாலு மிதி போதும். ஆனால் ஒரு ரோஜாச் செடிக்கு ஒவ்வொரு ஊடைக்கும் வேறு வேறு இழைகள் தூக்க வேண்டும். அதனால் பாவு இழைகளைச் சிறு சிறு கொத்தாக மேலிருந்து தொங்கும் கயிறுகளில் கோர்த்துவிடுவார்கள். அந்தக் கயிறுகளுக்குக் குறுக்கே, ஒரு ஊடைக்கு ஒன்று என்று நூல்கள் கட்டப்பட்டிருக்கும். ஒரு குறுக்கு நூல் எந்தெந்தக் கயிற்றைச் சுற்றிப் பிடித்திருக்கிறதோ, அதை இழுத்தால் அவை மட்டும் எழும்பும். இழுப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். அவர் இழுத்துப் பிடிப்பார், கீழே உட்கார்ந்திருப்பவர் நாடாவை ஓட்டுவார், பண்ணையால் அடிப்பார். அடுத்த நூல். மறுபடியும்.

சுற்றியிருந்தால் ஒன்று, விட்டிருந்தால் பூஜ்யம். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பூவின் அகலத்துக்கு 200 கயிறு, உயரத்துக்கு 400 ஊடை. மொத்தம் 80,000 ஆம்-இல்லை. அதாவது 10,000 பைட். வாட்ஸாப்பில் வரும் குட்மார்னிங் படத்தில் சின்னதுகூட இதைவிடப் பெரிசு. ஆனால் அந்த 80,000 முடிவுகளையும் ஒருவர் உட்கார்ந்து விரலால் எடுத்து, நூலில் கட்டியிருக்கிறார். (நிலவுக்குப் போன அப்பல்லோ கம்ப்யூட்டரின் நிரந்தர நினைவகமும் இப்படித்தான். பெண் தொழிலாளர்கள் கம்பியை வளையத்துக்குள் விட்டால் ஒன்று, வெளியே விட்டால் பூஜ்யம் என்று கையால் கோர்த்தார்கள். அதைச் செய்யத் தறிக்காரர்களின் விரல்தான் தேவைப்பட்டது என்று நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பும் வியப்பும் சேர்ந்தே வருகிறது.)

ஜக்கார்டு செய்தது இந்தக் குறுக்கு நூலை எடுத்துவிட்டு ஒரு அட்டை வைத்தது. ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. இழுக்கும் ஆளும் போய்விட்டார். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு சிறுவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாள் முழுக்கக் கயிறு இழுத்த குழந்தைகளை நினைத்தால் பழைய தறியைப் பற்றி உருகி உருகி எழுத எனக்கு மனசு வரவில்லை. அட்டை வந்தது அவர்களுக்கு நல்லதுதான்.

போனது சிறுவனின் வேலை மட்டும் இல்லை, நக்ஷாபந்தின் வேலையும்தான். காசி நெசவாளர்களிடம் நக்ஷாபந்துகள் மத்திய ஆசியாவிலிருந்து சுல்தான்கள் காலத்தில் வந்தவர்கள் என்ற மரபு இருக்கிறது. புகாராவில் 1389-இல் மறைந்த சூஃபி குரு பஹாவுத்தீன் நக்ஷ்பந்தைத் தங்கள் காவலராகக் கொள்கிறார்கள். மரபுக் கதைகளை வரலாறாக எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன். ஆனால் ஈரானோடு இருந்த தொடர்பு கதை இல்லை. அக்பரின் கார்கானாக்களைப் பற்றி எழுதும் அபுல் ஃபஸ்ல், வெளிநாட்டு வல்லுநர்கள் இங்கே வந்து தங்கினார்கள் என்றும் லாகூர், ஆக்ரா, ஃபதேபூர், அகமதாபாத் ஆகிய ஊர்களின் வேலை புகழ்பெற்றது என்றும் ஆயினே அக்பரியில் சொல்கிறார். அந்தப் பட்டியலில் காசி இல்லை என்பதையும் கவனிக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டில் ஜக்கார்டு பெட்டி காசிக்குள் பரவியது. நக்ஷா கட்டத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குக் குறைந்தார்கள். அவர்களில் பெயர் தெரிந்தவர் அலி ஹசன். எல்லோருக்கும் கல்லூ ஹாஃபிஸ். ஹாஃபிஸ் என்ற சொல் குர்ஆனை முழுக்க மனப்பாடமாக வைத்திருப்பவரைக் குறிக்கும்; நினைவையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு அமைந்த பெயர். புபுல் ஜெயகர் 1960-களில் காசியின் நக்ஷாபந்துகளைப் பற்றி எழுதினார். நெசவாளர் சேவை மையங்களும் அவர் பின்னணியில் இருந்து உருவானவைதான். ஓவியர்களை நெசவாளர்களோடு உட்கார வைத்த அரசாங்க முயற்சி அது. பிரபாகர் பர்வே காசி மையத்தில் வேலை பார்த்தார். நம்ம ஆதிமூலமும் ரெட்டப்ப நாயுடுவும் சென்னை மையத்தில். அரசு அலுவலகம் ஒன்று இவ்வளவு நல்ல ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்தது என்பதே தனிக் கட்டுரைக்கான விஷயம்.

காஞ்சிபுரத்திலும் இதே கதைதான், வேறு பெயரில். அங்கே ஜக்கார்டு பெட்டிக்கு முன் இருந்த நூல் கட்டுக்கு அடை என்று பெயர். இன்று காஞ்சிபுரத்தில் பெட்டியும் அட்டையும் தெரியாத நெசவாளர் இல்லை. அடை கட்டத் தெரிந்தவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் ராகுல் ஜெயின் வருகிறார். ஜவுளி வரலாற்று ஆய்வாளர். அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகத்தின் முகலாய பட்காக்களைப் பற்றியும் (இடுப்பில் கட்டும் கச்சை) அஷாவலி சேலைகளைப் பற்றியும் நூல் எழுதியவர். இந்திய ஜாலா தறியின் தொழில்நுட்பத்தைப் பற்றித் தனியாக ஆய்வுக் கட்டுரையும் எழுதியிருக்கிறார். அவர் 1993-இல் காசியில் ஆஷா என்ற பட்டறையைத் தொடங்கினார். அங்கே நெய்ய எடுத்துக்கொண்டது சேலை இல்லை. முகலாய, சஃபாவித் காலத்து வெல்வெட், லாம்பாஸ், சமைட் போன்ற கூட்டு நெசவுகள். பழைய ஜாலா தறியில், காசியின் நெசவாளர்களை வைத்தே.

லாம்பாஸ் என்றால் என்ன என்று இரண்டு வரி. சாதாரணத் துணிக்கு ஒரு பாவு. லாம்பாஸுக்கு இரண்டு. ஒரு பாவு தரையை நெய்கிறது. இரண்டாவது, மெல்லிய பாவு, பூவுக்கு வரும் ஜரிகையையும் வண்ணப் பட்டையும் மேலே தைத்தது மாதிரிப் பிடித்து வைக்கிறது. ஒரே தறியில், ஒரே நேரத்தில், இரண்டு துணிகள் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு வளர்கின்றன. பூவுக்கான கயிறுகள் ஒரு பக்கம், பிடிப்புக்கான விழுதுகள் இன்னொரு பக்கம். மிதிப்பவரும் இழுப்பவரும் வரிசை தப்பினால் இரண்டும் பிரிந்துவிடும். வெல்வெட் இதைவிடத் தொல்லை. பூ வரும் இடத்தில் மட்டும் முடி எழும்ப வேண்டும் என்றால், ஒவ்வொரு முடி இழையும் வேறு வேறு நீளம் செலவாகும். எல்லாவற்றையும் ஒரே உருளையில் சுற்றி வைக்க முடியாது.

இந்த அமைப்பை ஒரு பழைய துண்டிலிருந்து படித்துவிடலாம். பூதக்கண்ணாடி, பொறுமை, கொஞ்சம் பயிற்சி இருந்தால் எந்த இழை எதற்கு மேலே போகிறது என்று வரைந்துவிடலாம். எங்கள் மொழியில் ரிவர்ஸ் இன்ஜினியரிங். ஆனால் ஓடிய புரோகிராமின் அவுட்புட்டை மட்டும் வைத்துக்கொண்டு மெஷினைக் கட்டுவது வேறு வேலை. எந்த இழுப்புக்கு எவ்வளவு இழுவிசை, பாவுக்கு என்ன கஞ்சி, மழைக்காலத்துப் பட்டு எப்படி நடந்துகொள்ளும் என்பது துணியில் எழுதியிருக்காது. அது கைகளில் இருக்கும், கைகளும் ஒரே ஆளிடம் இருக்காது. நக்ஷாபந்துக்கு நெய்யத் தெரிய வேண்டியதில்லை. நெய்பவருக்கு நக்ஷா கட்டத் தெரியாது. இழுப்பவருக்கு வரிசை தெரியும், படம் தெரியாது. மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால்தான் அந்தத் துணி என்ற அறிவு இருக்கிறது. ஒருவர் போனால் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சாது, ஒன்றுமே மிஞ்சாது.

இது எவ்வளவு உண்மை என்பதற்கு அசாமைப் பார்க்கலாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் பிருந்தாவனி வஸ்திரம் இருக்கிறது. கிருஷ்ணனின் லீலைகள் நெய்த பட்டு, 12 துண்டுகள் சேர்த்துத் தைத்தது, ஒன்பது மீட்டருக்கு மேல் நீளம், பதினேழாம் நூற்றாண்டு. அதுவும் லாம்பாஸ். எப்படியோ திபெத்துக்குப் போய், அங்கே கோப்ஷி என்ற ஊரில் 1904 வாக்கில் லண்டன் பத்திரிகையாளர் பெர்சிவல் லேண்டனிடம் சிக்கி, அவர் வழியாக 1905-இல் மியூசியத்துக்கு வந்தது. அசாமில் இன்றும் வீட்டுக்கு வீடு தறி இருக்கிறது. நெய்யத் தெரிந்த பெண்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் அந்த லாம்பாஸ் மரபு அங்கே அறுந்துபோய்விட்டது. துணி பத்திரம், நெய்யும் முறை இல்லை. காசியில் நக்ஷாபந்தும் வெல்வெட் கையும் கொஞ்சமாவது மிச்சமிருந்தபோதே 1993 வந்தது என்பதுதான் இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம்.

சரி, அப்போது கலைஞர் யார்? ராகுல் ஜெயினை ஜவுளிக் கலைஞர் என்கிறோம், தப்பில்லை. எதை நெய்வது, எந்த அமைப்பில், எந்த நிறத்தில் என்பது அவர் முடிவு. ஆனால் இந்தப் பெயர்ப் பிரச்சனை பழையது. பதினாறாம் நூற்றாண்டின் முடிவில் யஸ்த் நகரில் கியாஸ் என்ற நக்ஷ்பந்த் இருந்தார். தன் பெயரைத் துணிக்குள்ளேயே நெய்ய வைத்தவர். அந்தப் பட்டுகள் சில இன்றும் இருக்கின்றன. யோசித்துப் பாருங்கள்: அந்தப் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் ஊடை ஊடையாக நெய்தவர் ஒருவர், கயிறு இழுத்தவர் ஒருவர். அவர்கள் பெயர் இல்லை. டிசைன் தெரிந்தவர் கையெழுத்துப் போடுவார், தறியில் உட்கார்ந்தவர் போட மாட்டார் என்ற ஒழுங்கு நவீனக் கேலரிகள் கண்டுபிடித்தது இல்லை. ஓபன் சோர்ஸில் கமிட் செய்த ஒவ்வொருவர் பெயரும் வரலாறாகப் பதிந்திருக்கும் உலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு இது உறுத்துகிறது. துணியோடு ஒரு சீட்டு, அதில் மூன்று பெயர். இதற்குப் பெரிய செலவும் ஆகாது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை முழுமையாகாது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நெசவிலும் சார்ந்த வேலைகளிலும் இருப்பவர்கள் 35.22 லட்சம் பேர். அவர்களின் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. காசிப் பட்டுக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சூரத் விசைத்தறிகள் அதே மாதிரி சேலையை வண்டி வண்டியாக இறக்குவது நிற்கவில்லை. கைத்தறியில் கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கு. ஒரு சேலை முடித்தால் இவ்வளவு. உருப்படிக் கணக்கில் லாம்பாஸோ வெல்வெட்டோ யாரும் நெய்ய முடியாது, முதல் விரற்கடை முடிவதற்குள் வீட்டில் அரிசி தீர்ந்துவிடும். நாள் கணக்கில் கூலி கொடுத்து, தப்பாகப் போன நாளுக்கும் சேர்த்துக் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருக்க ஒருவர் வேண்டும். முகலாயர் காலத்தில் அரண்மனைக் கார்கானா அதைச் செய்தது.

இதனால் காசியின் பஞ்சம் தீராது என்று சொல்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். மதன்பூராவில் தறியை விற்றுவிட்டு ஆட்டோ ஓட்டப் போகிறவருக்கு சமைட் நெசவு ஒரு பதில் இல்லை. பணக்காரர் வாங்கும் பொருள்தானே என்றால், ஆமாம். ஆனால் அந்தப் பொருள் எப்போதுமே பணக்காரர் வாங்கியதுதான். ஜஹாங்கீர் அதைத் தள்ளுபடியில் வாங்கவில்லை. இந்தப் பட்டறை மாதிரி இடங்களை நலத்திட்டத்தோடு ஒப்பிடுவதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய சிஸ்டத்தோடு ஒப்பிடுவது பொருத்தம். எங்கள் வேலையில் இருபது வருஷமாக ஒரு மூலையில் ஓடும் பழைய சர்வர்களைப் பார்த்திருக்கிறேன். டாக்குமென்டேஷன் இருக்கும். ஆனாலும் அதை அணைக்க எல்லோரும் பயப்படுவார்கள், மறுபடி எழுப்பத் தெரிந்தவர் இன்னும் கம்பெனியில் இருக்கிறாரா என்று முதலில் விசாரிப்பார்கள்.

இன்று காசியில் எலக்ட்ரானிக் ஜக்கார்டும் வந்துவிட்டது. அட்டையும் வேண்டாம், ஃபைலை ஏற்றினால் போதும். நான் சொன்ன அந்த 80,000 முடிவுகளும் கண் சிமிட்டும் நேரத்தில் தறிக்குப் போய்விடும். இழைக்குப் போடும் கஞ்சியின் பதம் அந்த ஃபைலில் கிடையாது. அதற்கு இன்னும் பாவுப் பக்கம் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.