பாறைமேல் ஒரு போப்பாண்டவர்

ஸ்பெயினின் கிழக்குக் கரையில், வலென்சியாவுக்கு வடக்கே சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில் பெனீஸ்கோலா என்றொரு சிற்றூர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை, அதன்மேல் வெள்ளையடித்த வீடுகள், உச்சியில் கோட்டை. பாறையைக் கரையோடு இணைப்பது குறுகலான மணல் திட்டுதான். முன்பெல்லாம் புயல் அடித்தால் அலைகள் அதை மூடி, ஊரே தீவாகிவிடுமாம்.

சில ஆண்டுகளுக்கு முன் மகள் குடும்பத்தோடு அங்கே போயிருந்தேன். வடக்குப் பக்கக் கடற்கரை பெனிகார்லோ ஊர்வரை ஐந்து கிலோமீட்டர் நீளும். பேரப்பிள்ளைகள் மணலில் இறங்கிவிட, நான் கல் பாவிய சந்துகள் வழியே மேலே ஏறினேன். வழியில் பாறையில் ஒரு பெரிய துவாரம். கடல் கொந்தளித்தால் அதன் வழியே சீறிக்கொண்டு மேலே வரும்.

கோட்டையைக் கட்டியவர்கள் டெம்ப்ளர் வீரத் துறவிகள் (1294–1307). ஆனால் ஊர் இன்றுவரை பேசுவது பேத்ரோ தே லூனாவைப் பற்றித்தான். பதின்மூன்றாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப்பாக இருந்தவர்.

1378 முதல் கத்தோலிக்கத் திருச்சபைக்கு ரோமில் ஒரு போப், பிரான்சின் அவிஞ்ஞோனில் ஒரு போப். 1394இல் அவிஞ்ஞோனில் லூனாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 66 இருக்கும். நாமெல்லாம் ஓய்வூதியம் வாங்கும் வயது. பிளவு தீரத் தேவைப்பட்டால் பதவி விலகுவேன் என்று தேர்தலுக்கு முன் மற்ற கர்தினால்களோடு சேர்ந்து அவரும் சத்தியம் செய்திருந்தார். நாற்காலியில் அமர்ந்தபின் விலகவில்லை. முற்றுகையிட்டார்கள், 1403இல் தப்பினார். 1409இல் பீசா நகரச் சங்கம் மூன்றாவதாக ஒரு போப்பை உண்டாக்கியது. 1411இல் இவர் பெனீஸ்கோலாவுக்கு வந்து சேர்ந்தார்.

1415இல் ரோமின் போப் விலகினார், மூன்றாமவரை நீக்கினார்கள். இவரோ, "பிளவுக்கு முன் கர்தினாலானவர்களில் இன்று உயிரோடிருப்பவன் நான் ஒருவனே, ஐயமின்றிப் போப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு மட்டும்தான்" என்று வாதாடினார். சட்டப்படி பார்த்தால் லேசில் தள்ளிவிட முடியாத வாதம்! ஆனாலும் அரகோன் மன்னர் கைவிட்டார். நெடுநாள் துணை நின்ற புனித வின்சென்ட் ஃபெரரே விலகிக்கொண்டார். 1417இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் அவரைப் பதவி நீக்கியது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று, 1423இல் தொண்ணூறைத் தாண்டி இறக்கும்வரை அந்தப் பாறைமேல் தானே போப் என்றிருந்தார். பிடிவாதக்காரரை "தன் பதின்மூன்றிலேயே நிற்கிறார்" என்று ஸ்பானியர்கள் சொல்வது இவரால் வந்த வழக்கு என்பார்கள்.

வீம்பு என்று சிரிக்கலாம். மேல்தளத்தில் நின்று மூன்று பக்கமும் கடலைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதவி போனபின் மனிதர்கள் ஒவ்வொருவராக விலகுவதைப் பார்த்தவர்கள்தானே நாமும்.

ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1413 ஆகஸ்டில் இதே பாறையிலிருந்து அவர் பிறப்பித்த ஆணைகள்தான் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தை நிறுவின. அவர் பிடித்துக்கொண்டிருந்த பதவியைத் திருச்சபை தன் பட்டியலில் ஏற்கவில்லை. கேட்டவர்களுக்காக அவர் கையொப்பமிட்டுக் கொடுத்த அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்றும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.