நவம்பர் 9: தேதி தெரிந்து என்ன ஆகப்போகிறது?



ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்லி உங்களை நான் படுத்திய பாடு நினைவிருக்கும். "தேதி தெரிந்து என்ன சார் ஆகப்போகிறது?" என்று கடைசி பெஞ்சில் முணுமுணுத்தவர்களும் உண்டு. அதற்குப் பதில் சொல்ல இன்றைய தேதியே போதும். ஜெர்மானியர்களின் வரலாற்றில் நவம்பர் 9 திரும்பத் திரும்ப வருகிறது.

1848. மக்களாட்சிக்காகப் பேசிய பிராங்க்ஃபர்ட் நாடாளுமன்ற உறுப்பினர் ராபர்ட் ப்ளூம், புரட்சி நடந்த வியன்னாவில் பிடிபட்டு இதே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1918. முதல் உலகப் போரில் தோல்வி உறுதியாகிவிட்டது. மன்னர் இரண்டாம் வில்லியம் முடி துறந்ததாக பெர்லினில் அறிவித்தார்கள். ஷைடமான் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து குடியரசை அறிவித்தார். சில மணி நேரத்தில் லீப்னெக்ட் அரண்மனையிலிருந்து சோஷலிசக் குடியரசை அறிவித்தார். ஒரே நாளில் இரண்டு குடியரசுகள்!

1923. அந்த 1918-இல் ஆட்சிக்கு வந்தவர்களைத் துரோகிகள் என்று தூற்றிவந்த ஹிட்லர், மியூனிக் நகரில் ஆட்சியைப் பிடிக்க ஊர்வலம் போனார். போலீஸ் சுட்டது. நான்கு போலீஸ்காரர்கள் உட்பட சுமார் 20 பேர் இறந்தார்கள். ஹிட்லருக்கு ஐந்தாண்டு சிறை. ஆனால் தீர்ப்பு வந்த ஒன்பது மாதத்துக்குள் வெளியே வந்துவிட்டார்.

1938. இறந்த தன் ஆட்களுக்கு நாஜிக் கட்சி ஆண்டுதோறும் இதே நாளில் மியூனிக்கில் நினைவுநாள் கொண்டாடியது. அந்தக் கூட்டத்தில்தான், ஒரு யூத இளைஞர் பாரிஸில் சுட்ட ஜெர்மன் அதிகாரி இறந்த செய்தி வந்தது. கோயபல்ஸ் பேசித் தூண்டிவிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூத வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டன, சேதமாயின. சுமார் 7,500 கடைகள் நொறுக்கப்பட்டன. அடுத்தடுத்த நாள்களில் ஏறக்குறைய 30,000 யூத ஆண்களை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். இதில் கொடுமை, 100 கோடி மார்க் அபராதத்தையும் யூதர்கள் தலையிலேயே கட்டினார்கள்.

1989. கிழக்கு ஜெர்மனியின் ஷபாவ்ஸ்கி, பயண விதி தளர்வு பற்றிய சீட்டைப் பத்திரிகையாளர்களிடம் படித்தார். எப்போது முதல் என்று கேட்டார்கள். தடுமாறி, உடனடியாக என்றார். கூட்டம் எல்லைக்குத் திரண்டது. நள்ளிரவு நெருங்கும்போது போர்ன்ஹோல்மர் தெருவின் தடுப்பு திறந்தது. 28 ஆண்டுச் சுவருக்கு அன்றே முடிவு.

அந்த நாளைத் தேசிய விழாவாக்கியிருக்கலாம். 1938-ஐ வைத்துக்கொண்டு எப்படிக் கொண்டாடுவது? அதனால் இணைப்பு நடந்த அக்டோபர் 3-ஐ வைத்துக்கொண்டார்கள்.

சுவர் திறந்த செய்தி பேப்பரில் வந்த சமயம், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "சார், பரீட்சையில் ஒரு ஜெர்மனி என்று எழுதவா, இரண்டு என்று எழுதவா?" என்றான். "புத்தகத்தில் இருப்பதை எழுது, உட்கார்" என்றேன். இரண்டு என்பது அன்றைக்குச் சரியான விடைதான். ஆனால் மேலே சொன்ன கதையை அவனுக்குச் சொல்லாமல் பாடத்தை முடிக்கும் அவசரத்தில் இருந்தேன். அது என் தவறு.

தம்பி, உனக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். இதைப் படித்தால் ஒரு வரி எழுது. ஒரு நவம்பர் 9-ஐத் தவறாக நினைவுகூர்ந்ததிலிருந்துதான் இன்னொரு நவம்பர் 9 பிறந்தது. தேதி தெரிந்தால் மட்டும் போதாது, அதை எதற்காக நினைக்கிறோம் என்பதும் தெரிய வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் வரலாற்று வாத்தியார்