‘உக்கு’ முதல் ‘இ.என். 31’ வரை

சித்தூரில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஒலிக்கும். அத்தகைய பட்டறை ஒன்றில், கழற்றிப் போட்ட பேரிங் குண்டுகளைக் காட்டி, “இது நம் முன்னோர் செய்த உக்குதான்” என்று ஒருவர் பெருமையுடன் கூறக் கேட்டேன். சமூக ஊடகங்களிலும் இக்கூற்று அவ்வப்போது வலம் வருகிறது. இதில் பாதி உண்மை உண்டு.

முதலில் சொல். 1794-இல் பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் அனுப்பிய எஃகுக் கட்டிகளை ஆராய்ந்து, 1795-இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். ‘வூட்ஸ்’ என்னும் பெயர் அக்கட்டுரை வழியாகவே அறிவியல் உலகில் பரவியது. இது ‘உக்கு’ என்பதன் ஒலிபெயர்ப்பை யாரோ பிழையாகப் படித்ததன் விளைவு என்பது ஹாப்சன்-ஜாப்சன் அகராதி முன்வைத்த கருத்து. மாற்றுக் கருத்துகளும் உள்ளன. கன்னட, தெலுங்கு ‘உக்கு’ தமிழ் ‘உருக்கு’ என்பதோடு ஒரே வேரில் இணைகிறது. தமிழில் வினைச்சொல்லின் உறவு இன்றும் வெளிப்படையாகத் தெரிகிறது. தெலுங்கில் அது மறைந்து, பெயர் மட்டும் எஞ்சியது. அப்பெயரே 1966 விசாகப்பட்டினப் போராட்டத்தின் முழக்கமாகவும் ஆயிற்று.

இனி உலோகம். இரும்பை மூசையில் இட்டு, ஆவாரைக் கட்டையும் எருக்கிலை போன்ற பச்சிலைகளும் சேர்த்து, களிமண்ணால் மூடி உலையில் வைத்தனர். மரத்திலிருந்து ஏறிய கரிமம் பெரும்பாலும் 1.2 முதல் 2 விழுக்காடு வரை. இன்றைய பேரிங் எஃகில் கரிமம் ஏறத்தாழ 1 விழுக்காடு, அதனுடன் 1.5 விழுக்காடு குரோமியம். ஜெர்மானியர் இதனை ‘100 சி.ஆர். 6’ என்பர்: நூறால் வகுத்தால் கரிமம், ஆறை நான்கால் வகுத்தால் குரோமியம். அமெரிக்கருக்கு 52100, நம் லேத் பட்டறைகளுக்கு இ.என். 31. ஒரே பொருளுக்கு இத்தனை பெயர்கள் என்பது மொழியியல் படித்தவருக்குத் தனி விருந்து!

குரோமியம் இங்கு என்ன செய்கிறது? அது இருப்பதால், நீரில் திடீரெனக் குளிர்வித்து விரிசல் விடச் செய்யாமல், எண்ணெயில் குளிர்வித்தே உட்பகுதி வரை கடினமாக்க முடிகிறது. கடினமான கார்பைடு மணிகள் நுண்மையாக, சீராகப் பரவித் தேய்மானத்தைத் தடுக்கின்றன. துருவைத் தடுக்க மட்டும் இந்த அளவு போதாது. துருப்பிடிக்கா எஃகுக்குக் குறைந்தது 10.5 விழுக்காடு வேண்டும். மோட்டாருக்குள் நீர் புகுந்தால் பேரிங் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்னோர் பெருமை பேசுவோர் கவனிக்கத் தவறும் முரண் இங்குதான் உள்ளது. உக்கு எஃகில் செய்த வாள்களின் புகழுக்குக் காரணம் அலையலையாகத் தெரியும் வரிகள். அவை வரிசையாகத் திரண்ட கார்பைடுகளே. பேரிங் செய்பவருக்கோ அத்தகைய வரிசை ஒரு குறைபாடு. பல கோடி முறை உருளும் பரப்பில் களைப்பு விரிசல் தொடங்குவதற்கு அது இடமளிக்கும். வாளுக்கு அழகானது குண்டுக்குக் கேடு.

வேண்டுமென்றே குரோமியம் சேர்த்த மூசை எஃகின் மிகப் பழைய சான்று தென்னிந்தியாவில் அன்று, ஈரானில் கிடைத்துள்ளது. சாஹக் என்னும் ஊரில் கிடைத்த 11-12ஆம் நூற்றாண்டு எச்சங்களில் 1 முதல் 2 விழுக்காடு குரோமியம் இருந்ததை ராஹில் அலிபூர் குழுவினர் 2020-இல் வெளியிட்டனர். அதற்கு வழிகாட்டியது அல்-பிரூனியின் நூலில் வரும் ஒரு சேர்பொருளின் பெயர். அப்பெயர் குரோமைட் மணலைக் குறிப்பதாக அவர்கள் பொருள் கொண்டனர். சொல்லாய்வு உலையைத் திறந்த அரிய தருணம் இது.

அப்படியெனில் பட்டறைக்காரர் சொன்னதில் உண்மையான பாதி எது? கரிமம் மிகுந்த எஃகு என்ற அளவில் அவர் சொன்னது சரி. இன்னொரு தொடர்பும் உண்டு. குரோமியத்தை வோக்லான் கண்டறிந்தது 1797-இல், பியர்சன் கட்டுரைக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. வூட்ஸின் கமுக்கத்தை அறிய முயன்ற மைக்கேல் ஃபாரடே, 1819-இல் அதனைப் பகுப்பாய்வு செய்தார். பின்னர் ஸ்டோடார்ட்டுடன் இணைந்து எஃகில் பல உலோகங்களைக் கலந்து பார்த்தார். 1822-இல் அவ்விருவரும் வெளியிட்ட கட்டுரையில், பிரான்சில் பெர்த்தியே முந்தைய ஆண்டே செய்திருந்த குரோமியக் கலவையும் இடம்பெற்றது. நம் உக்கில் குரோமியம் சேர்க்கப்படவில்லை. ஆனால் ஃபாரடேயைக் குரோமியம் வரை இட்டுச் சென்ற தேடல் நம் உக்கிலிருந்து தொடங்கியது.