கண்டி வாவியின் காட்டுத் தாராக்களும் காலை வெளிச்சமும்

கண்டி வாவி இயற்கையாக அமைந்ததன்று. வயல்நிலமாகக் கிடந்த பள்ளத்தை மறித்து, கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 ஆம் ஆண்டில் அமைக்கத் தொடங்கிய நீர்நிலை அது. 1815 இல் ஆங்கிலேயரிடம் அகப்பட்ட அவன் பின்னர் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832 இல் அங்கேயே இறந்தான். அவன் தேக்கிய நீர் நிலைத்தது. நீரை நாடிப் பறவைகளும் வந்தன. நீர்க்காகம், கொக்கு, கூழைக்கடா ஆகியவற்றோடு சீழ்க்கைச் சிறகி எனும் காட்டுத் தாராவையும் இங்கே காணலாம்.

தொலைவில் இது வெறும் மண்ணிறப் பறவை. வெயில் ஏறுமுன் பார்த்தால் செம்பழுப்புச் சிறகும், கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையமும் துலங்கும். கிழக்கே மலையிறங்கி, மகியங்கனைப் பக்கத்து உலர்வலயக் குளங்களுக்குச் சென்றால் குள்ளத்தாராவைப் பார்க்கலாம். ஆண் பறவையின் முதுகில் மினுங்கும் பச்சை, சாயத்தால் வருவதன்று. இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருவது. உச்சிவெயிலில் அம்முதுகு கறுத்துத் தோன்றும். வெள்ளை முகமோ விவரமின்றி வெளுத்துவிடும். மென்மையான ஒளியில் மட்டுமே இரண்டும் ஒருங்கே படத்தில் அமையும்.

சுமார் 500 மீற்றர் உயரத்தில் மலைகள் சூழ்ந்த கண்டிக்கு இத்தகைய ஒளிக்குக் குறைவில்லை. குன்றுகளைத் தாண்டி வெயில் வாவியில் விழச் சற்று நேரமாகும்; மூடுபனி அதனை மேலும் தாமதப்படுத்தும். ஆயினும் இவ்வொளியைப் பயன்படுத்த நிழற்படக்கலை நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

1870களில் சார்ல்ஸ் ஸ்கோவன் கண்டியில் நிழற்படக்கூடம் நடத்தினார். அது ஈரத்தட்டுக் காலம். கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். வில்லை பல விநாடிகள் திறந்திருக்கும். அக்காலப் படங்களில் அலையும் நீர் கண்ணாடிபோல் வழவழப்பாகத் தெரிவது இதனாலேயே. நீந்தும் தாரா அத்தட்டில் எவ்வாறு பதியும்?

எனவே பறவையின் நிறத்தை அறிய அன்று துப்பாக்கியே வழி. பீரங்கிப் படை அதிகாரி வின்சென்ட் லெக் 1878 முதல் 1880 வரை வெளியிட்ட இலங்கைப் பறவைகள் வரலாற்றுக்கு, ஓவியர் கியூலமன்ஸ் பதப்படுத்திய தோல்களைப் பார்த்தே வரைந்தார். இறந்த பறவையின் அலகு, கால், கண்வளையம் ஆகியவற்றின் நிறம் விரைவில் மங்கிவிடும். சேகரிப்போர் அவற்றை உடனே குறித்துவைப்பர். அதாவது, நிறம் சொல்லாக மாறி, பின் தூரிகையால் மீண்டும் நிறமாயிற்று. இலங்கையில் பிறந்து, கொழும்பு நூதனசாலையில் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி 1955 இல் வெளியிட்ட பறவைக் கையேட்டுக்கும் அவருடைய தூரிகையே துணைநின்றது.

இதற்குள் வண்ணப் படச்சுருள் வந்துவிட்டது. 1936 இல் சிறு கமெராக்களுக்குக் கிடைத்த கோடாக்குரோமின் ஒளியுணர்திறன் ஏறத்தாழ 10 தான். நல்ல வெயில் இருந்தாலன்றி வேகமாகப் படமெடுக்க முடியாது. தாராவின் நிறத்துக்கு வேண்டியது மென்னொளி; படச்சுருளுக்கு வேண்டியதோ கடுவெயில். இம்முரண்பாட்டை முற்றாகத் தீர்த்தது டிஜிட்டல் கமெராவே. 1600 என்ற உணர்திறனில் அது 160 மடங்கு குறைந்த ஒளியிலும் அதே வேகத்தில் படமெடுக்கும்.

ஆகவே, கண்டியின் காட்டுத் தாராக்களை உயிரோடும் உள்ளபடியான நிறத்தோடும் பதிந்த காலம் மிகக் குறுகியது. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோதுகூட எங்கள் பக்கங்களில் எல்லாப் பறவைக்கும் சாம்பல் நிறமே. அக்காலத்து வண்ணப் படங்கள் எங்கேனும் உள்ளனவென்றால், அவை வீட்டு அலுமாரிகளில் உள்ள சிலைட்டுகளே. கண்டியின் ஈரக்காற்றில் அவற்றில் பூஞ்சணம் படர்கிறது.

அவற்றை வைத்திருப்போர் உடனே நகலெடுத்துவைக்க வேண்டும். திகதியும் இடமும் எழுதிவைப்பது அதனினும் முக்கியம். எந்த ஆண்டில், எந்த மாதத்தில், வாவியின் எந்தக் கரையில் எத்தனை தாராக்கள் இருந்தன என்பதை நாளை ஒருவர் கேட்கக்கூடும். திகதியில்லாத படம் அழகாயிருக்கும். ஆனால் அக்கேள்விக்கு அதனால் விடை சொல்ல இயலாது. இன்று கைத்தொலைபேசியில் படமெடுக்கும் இளைஞர்களுக்கும் இதையே சொல்வேன். நெருங்கிச் சென்று பறவையைக் கலைக்காதீர்கள். எடுத்த படத்தைப் பெயரும் நாளும் இட்டுச் சேமித்துவையுங்கள்.