கூட்டத்தை நிறுத்தாதே, சாமியை நிறுத்து

என் தொழில் கூட்டம் சேர்ப்பது. கட்சிக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். நான் சேர்க்கும் கூட்டத்துக்கு லாரியும் வேண்டாம், பிரியாணிப் பொட்டலமும் வேண்டாம். கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு பார்க்கிறார்களே, அந்த மெய்நிகர் உலகத்துத் தெருக்களை நிறைக்கும் ஆட்களை மதுரையில் உட்கார்ந்து கணினியில் உருவாக்குகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வயது அதிகமில்லை. 1982-ல் வந்த 'காந்தி' படத்தின் இறுதி ஊர்வலத்துக்கு ஏறக்குறைய 3 லட்சம் பேரை தில்லியில் நிஜமாகவே திரட்டினார்கள். 1987-ல் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்கர் வேறு வழி கண்டார். அவர் திரையில் பறக்கவிட்ட பறவைகளுக்குத் தலைவன் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் மூன்றே விதி: பக்கத்தில் இருப்பதை இடிக்காதே, அது போகிற திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே. 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்து வௌவால்கள் இப்படித்தான் பறந்தன. அடுத்த பத்தாண்டுக்குள் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' போர்க்களம். அதற்காக ஸ்டீபன் ரெஜெலஸ் எழுதிய 'மாசிவ்' மென்பொருளில், எதிரே யார் வருகிறார்கள் என்று பார்த்து ஒவ்வொரு வீரனும் தானே வாளை ஓங்கினான்.

சினிமாவில் கேமரா பார்க்கும் பக்கம் சரியாக இருந்தால் போதும். மெய்நிகரில் பார்ப்பவர் கூட்டத்தின் நடுவில் நிற்கிறார், எந்தப் பக்கமும் திரும்புவார். கண்ணுக்குத் தெரியாத சுவர் வைத்து ஆட்களைத் தடுத்தால் உடனே பிடிபட்டுவிடும். அப்படியானால் ஆயிரம் பேரை எப்படித்தான் நகர்த்துவது?

இதற்கு விடை எங்கள் ஊரில் பல தலைமுறையாக இருக்கிறது. மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்தது. அறுவடைக் காலத்தில் தேர் இழுக்க ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றினார், தேனூரில் வைகை ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகர்கோவில் பெருமாளான அழகரையும் மதுரைக்கு வரவழைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. (இன்றும் தேர் ஓடுவது மாசி வீதிகளில், மாதம்தான் சித்திரை.) இரண்டு திருவிழாக் கூட்டம் ஒன்றாகச் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தை ஊர் தாங்க வைத்தது மண்டகப்படி, அதாவது சாமி வழியில் நின்று போகும் இடம்.

அழகர்கோவிலில் இருந்து வைகை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அழகர் ஒரே ஓட்டமாக வருவதில்லை. வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படி, ஒவ்வொன்றிலும் நிற்பார். மூன்றுமாவடியில் ஊரார் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, ராத்தங்கல் தல்லாகுளம். சாமி நிற்குமிடத்தில் கொஞ்சம் பேர் பார்த்துவிட்டுக் கலைவார்கள், அடுத்த தெருக்காரர்கள் சேர்ந்துகொள்வார்கள். யாரும் யாரையும் விரட்டவில்லை. கூட்டம் தானாகத் துண்டு துண்டாகிறது. நாயக்கர் இதைத் திட்டமிட்டாரா என்பதற்குள் நான் போகவில்லை. வேலை செய்கிறது, எனக்கு அது போதும். என் மெய்நிகர் தெருக்களிலும் இப்போது ஆட்களுக்கு வழி போடுவதில்லை. அவர்கள் பார்க்க விரும்பும் பொருளை நகர்த்தி, நிறுத்தி, மறுபடி நகர்த்துகிறேன்.

செல்லூர் மாப்பிள்ளை ஒருவர் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன மச்சான், ஒருத்தனும் இடிக்க மாட்டேங்குறான்? இது எந்த ஊருக் கூட்டம்?"

சரியான கேள்வி. என் ஆட்கள் பின்பற்றும் ரெனால்ட்ஸின் விதிகள் எல்லாம் பார்த்து விலக இடம் உள்ளவர்களுக்கு எழுதியவை. 2000-ல்தான் ஹெல்பிங், ஃபர்காஸ், விச்செக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் உடலை உடல் நெருக்கும் விசையைக் கணக்கில் சேர்த்தார்கள். சதுர மீட்டருக்கு 7 பேர் ஆகிவிட்டால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும். தனி ஆளின் விருப்பத்துக்கு அங்கே வேலையில்லை என்று கூட்ட நெரிசலை ஆராய்ந்த ஜான் ஃப்ரூயின் 1993-லேயே எழுதியிருக்கிறார். அழகர் ஆற்றில் இறங்கும் இடம் ஒன்று, நேரம் ஒன்று. அங்கே மண்டகப்படித் தந்திரம் பலிக்காது. 2022 சித்திரையில் அந்த நெரிசலில் இருவர் இறந்தார்கள்.

என் ஆற்றுக் காட்சியில் சதுர மீட்டருக்கு 4 பேருக்கு மேல் விடுவதில்லை. அதைத் தாண்டினால் திரையில் அவர்கள் நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டே இருப்பார்கள்; அந்தப் பொய்யைக் காட்ட எனக்கு விருப்பமில்லை.