வங்காளக் கழிமுகத்தில் சூறாவளியும் வறுமையும்

1970 நவம்பர் 12ஆம் நாளிரவு கிழக்குப் பாகிஸ்தானின் கழிமுகத் தீவுகளைத் தாக்கிய சூறாவளி குறைந்தது 3 இலட்சம் உயிர்களைக் கொண்டது. மாண்டோருட் பலர், நிலமின்மையால் தாழ்ந்த வண்டற்றிட்டுகளிற் குடியேறிய ஏழை உழவரும் மீனவருமாவர்.

பங்களாதேஷ் உதயமானபின், 1972இல், தொண்டர்வழி எச்சரிக்கும் திட்டமொன்று தொடங்கப்பெற்றது. எனினும் 1991 ஏப்பிரற் சூறாவளியில் ஏறத்தாழ 1,38,000 பேர் மடிந்தனர். எச்சரிக்கை விடுக்கப்பட்டும் புகலிடங்கள் போதவில்லை. பின்னர் அவை பெருகின. 2007இல் வீசிய கடுஞ்சூறாவளியான சிடரில் இறந்தோர் தொகை சில ஆயிரங்களாகக் குறைந்தது.

எனவே இவ்வழிவுகளை இயற்கையின் செயலாக மட்டுங் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் உயிர்தப்பியோருட் பலர் வேறு நிலமின்றி அத்திட்டுகளுக்கே மீள்கின்றனர். நிலமின்மையைத் தீர்க்காத பாதுகாப்பு முழுமையுறாதென்பதே இவ்வரலாறு உணர்த்துவதாகும்.